கிணற்றுக்கு ஒரு விளக்கம்

எங்கள் மாதர் சங்கத்துக்கு நான் செயலாளராக இருப்பதற்கு ஒரே காரணம், கிளிநொச்சிப் பக்கத்து ஸ்கந்தபுரத்தில் எங்கள் ஒழுங்கையில் சிக்னல் ஒழுங்காக எடுக்கிற வீடு என்னுடையது என்பதுதான். முன்பள்ளி ரீச்சராக இருந்தவ, நாலு பேரோடு கதைக்கத் தெரிந்தவ என்றெல்லாம் கூட்டத்தில் புகழ்ந்தார்கள். நான் அதை நம்பவில்லை. வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஊர்க்காரரின் குழு வட்ஸ்அப்பில் கூப்பிட்டால் குரல் வெட்டாமல் கேட்க வேண்டும், வீடியோ அனுப்பினால் உடனே போய்ச் சேர வேண்டும். தலைவியின் வீட்டில் அது நடக்க வேண்டுமென்றால் அவர் வேப்பமரத்தில் ஏற வேண்டும். தலைவிக்கு முழங்கால் வருத்தம்.

அந்தக் குழுவில் இருக்கிறவர்கள் குளிருக்குள் நின்று உழைத்து, மிச்சம் பிடித்து அனுப்புகிறவர்கள். முன்பள்ளிக்குக் கூரை போட்டுத் தந்தது அவர்கள்தான். நான் நன்றி கெட்டவள் இல்லை. ஆனால் எதைத் தந்தாலும் வீடியோ வேண்டும். கோழிக்கூட்டுக்கும் வீடியோ, பள்ளிக் கொப்பிக்கும் வீடியோ. கொடுக்கிறபோது ஒன்று, வாங்குகிறபோது ஒன்று, வாங்கிய பிறகு சிரிக்கிறபோது ஒன்று. ஒருமுறை மூக்குக்கண்ணாடி வாங்கிய ஐயா ஒருவர் சிரிக்க மாட்டேன் என்றுவிட்டார். "கண் தெரியாமல் இருக்கேக்கை சிரிச்சனான். இப்ப உங்கடை மூஞ்சையை வடிவாப் பார்த்தாப்பிறகு சிரிப்பு வருகுதில்லை" என்றார். அதை நான் அனுப்பவில்லை.

முதலில் அது ஒரே குழுவாக இருந்தது. பிறகு பெயரளவில் ஒன்று, உள்ளுக்குள் இரண்டு. ஒரு பகுதி, அரசியலே வேண்டாம், சனத்துக்கு உதவினால் போதும் என்று சொல்லும். மற்றப் பகுதி, உரிமையை மறந்துவிட்டுக் கொடுக்கிற உதவி பிச்சைதான் என்று சொல்லும். இரண்டு பகுதியும் எனக்குத் தனித்தனியாகக் குரல்பதிவு அனுப்பும். அவர்கள் வேலை முடிந்து ஆறுதலாக இருந்து கோபப்படுகிற நேரம் இங்கே நான் புட்டு அவிக்கிற நேரம். புட்டு ஆவி ஒரு பக்கம், இவர்களுடைய ஆவி ஒரு பக்கம். இரண்டு பேருக்கும் "ஓம் தம்பி, ஓம் தங்கச்சி" என்று சொல்லிச் சொல்லி என் வாயே கோணிவிட்டது.

குழுவை நடத்துகிறவர் என் தம்பியோடு ஒரே வகுப்பில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார், நானும் அவரைத் தம்பி என்றுதான் சொல்வேன். நல்ல மனிதர். அவரும் இரண்டு பக்கமும் இடிபட்டுக்கொண்டுதான் இருந்தார்.

போன வருசம் அவர்கள் எங்கள் ஊருக்குக் குடிதண்ணீர்க் கிணறுகள் வெட்டித் தர ஒத்துக்கொண்டார்கள். முதல் கிணறு யாருக்கு என்று சங்கத்தில் கேட்டபோது ஒருவரும் வாய் திறக்க முதல் நானே சொன்னேன், மேட்டுக் காணியில் இருக்கிற பிள்ளைக்கு என்று.

அவளுடைய தாய் தகப்பன் தேயிலைத் தோட்டத்தில் இருந்து கலவரத்தில் அடிபட்டு வன்னிக்கு வந்தவர்கள். அவள் பிறந்து வளர்ந்தது இங்கேதான். ஆனாலும் எங்கள் ஆட்களின் வாயில் இன்னும் அவர்கள் மலைநாட்டார்தான். நாங்களும் யாழ்ப்பாணத்தில் இருந்து குளத்துக்குக் கீழே காணி கிடைத்து வந்து குடியேறியவர்கள் என்பதை நாங்கள் நினைவில் வைத்திருப்பதில்லை. வாய்க்கால் எங்கள் வயல்களோடு நின்றுவிடும், அவளுடைய மேட்டுக்கு ஏறாது. கோடையில் பவுசரில் தண்ணீர் வரும், சிலவேளை வராது. வராத நாளில் அவள் குடத்தோடு ஒவ்வொரு வீட்டுப் படலையாக நிற்பாள். தண்ணீர் கொடுக்கமாட்டோம் என்று யாரும் சொன்னதில்லை. "கயிறை நனைச்சுப் போட்டுப் போகாதை, கிணத்துக்கட்டில குடத்தை வைக்காதை" என்று சொல்வார்கள், அவ்வளவுதான். அதைக் கேட்டுக்கொண்டு தண்ணீர் அள்ளிப் பார்த்தால்தான் தெரியும், சொந்தக் கிணறு என்றால் என்னவென்று.

அவளுக்கு ஒரே மகள். என்னுடைய முன்பள்ளியில் படித்தவள், இப்போது வவுனியாவில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டு போர்டிங்கில் இருக்கிறாள். புருசன் சண்டை முடிந்த கடைசி நாட்களில் காணாமல் போனவர். சனம் வரிசையில் வெளியே வந்தபோது விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று ஆமிக்காரர் கூப்பிட்டார்கள், போனார். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. அவள் பொட்டு வைப்பதை விடவில்லை. கிளிநொச்சியில் றோட்டுக் கரையில் காணாமல் போனவர்களின் குடும்பங்கள் பதில் கேட்டுக் கொட்டில் போட்டு இருக்கிறார்கள் அல்லவா, வேலை இல்லாத நாட்களில் பஸ் ஏறி அங்கே போய் இருந்துவிட்டு வருவாள்.

கிணறு வெட்ட நாள் பார்த்தோம். முதல் மண்ணை வீட்டுக்காரிதான் வெட்ட வேண்டும். "அவ வெட்டலாமோ?" என்று பின்னால் ஒரு குரல் இழுத்தது. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "அந்த மனிசன் செத்ததை நீர் கண்டனீரோ?" என்று கேட்டேன். அதோடு வாய் மூடிவிட்டது.

நல்ல காரியத்துக்கு வெறுங்கழுத்தோடு நிற்பது எங்கள் வழக்கம் இல்லை. அவளுடைய தாலிக்கொடி இடம்பெயர்ந்த காலத்திலேயே அரிசியாகவும் மாவாகவும் மாறிவிட்டது. சட்டைக்குள்ளே ஒரு மஞ்சள் கயிறுதான் கிடந்தது. நான் என் கழுத்தில் கிடந்த சங்கிலியைக் கழற்றி அவளுடைய கழுத்தில் போட்டுவிட்டேன். அதைப் பெரிய தியாகமாக நினைக்க வேண்டாம், இந்த ஊரில் ஒரு வீட்டில் விசேசம் என்றால் பாதிச் சாமான் இரவல்தான். அன்றைக்கு வந்திருந்த கதிரைகள் அடுத்த வளவிலிருந்து வந்தவை, குத்துவிளக்கு தலைவி வீட்டிலிருந்து வந்தது. அவள் கட்டியிருந்த சேலைகூட அவளுடையது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். வருகிறவர்களை வெறும் தரையில் இருத்தினால் அது வீட்டுக்காரிக்கு மட்டும் வெட்கம் இல்லை, எங்கள் எல்லாருக்கும் வெட்கம். அவள் கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைத்து மண்வெட்டியைத் தூக்கினாள். நான் போனைத் தூக்கினேன்.

வீடியோவோடு "பெண் தலைமைத்துவக் குடும்பம்" என்று எழுதி அனுப்பினேன். அது இங்கே அரசாங்கக் கச்சேரியிலிருந்து கடைத்தெரு வரைக்கும் எல்லாரும் சொல்லுகிற சொல். இரண்டு நாள் கழித்து முகப்புத்தகத்தில் பார்த்தால் "விதவைத் தாயின் கண்ணீரைத் துடைத்த கிணறு" என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். கிணறு அப்போது முழங்கால் ஆழம். கண்ணீரைத் துடைக்கிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. நான் தம்பிக்கு எடுத்துச் சொன்னேன். "அக்கா, நீங்கள் எழுதினது இங்கை ஒருத்தருக்கும் விளங்காது. விதவை எண்டால்தான் சனம் நிண்டு பார்க்கும்" என்றார்.

சனம் நின்று பார்த்தது. நன்றாகவே பார்த்தது. படத்தை நிறுத்தி, பெருப்பித்து, சிவப்பால் வட்டம் போட்டு அனுப்பினார்கள். ஒரு வட்டம் அவளுடைய நெற்றியில், ஒன்று கழுத்தில், ஒன்று கதிரைகளைச் சுற்றி. "விதவைக்குப் பொட்டாம்." "கழுத்தில கிடக்கிறதை வித்தாலே கிணறு வெட்டலாமே." "புருசனை உள்ளுக்கை ஒளிச்சு வைச்சுக்கொண்டு நடிக்கிறா." அதை எழுதியவர் நான் பார்த்தவரைக்கும் இந்த ஒழுங்கைக்கு வந்ததே இல்லை. மற்றப் பகுதியில் ஒருவருக்கு அவளை அடையாளம் தெரிந்துவிட்டது. கொட்டிலில் அவள் இருக்கிற படத்தையும் கிணற்றடியில் நிற்கிற படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார். "அங்கை புருசனைத் தேடுறா, இங்கை விதவை எண்டு கிணறு வாங்குறா. போராட்டத்தையே வித்திட்டா." இரண்டு பகுதியும் வேறு எந்த விசயத்திலும் ஒன்றுபட்டதை நான் கண்டதில்லை. இந்தப் பிள்ளையைத் திட்டுவதில் மட்டும் ஒன்றுபட்டார்கள்.

தம்பி கூப்பிட்டார். "வேலையை நிப்பாட்டச் சொல்லினம் அக்கா. ஒரு விளக்கம் வேணுமாம்."

"என்ன விளக்கம்? சங்கிலி என்ரை. நான்தான் போட்டுவிட்டனான். சொல்லுறன்."

"சொல்லாதேங்கோ. சொன்னால் செயலாளரே சோடிச்சு எடுத்த வீடியோ எண்டு வரும். மிச்சக் கிணறுகளும் நிண்டுபோம்."

"அப்ப உள்ளதைச் சொல்லுவம். காணாமல் போனவரின்ரை பெண்சாதி எண்டு."

"சொன்னால் அது அரசியல் எண்டு அரைவாசிப் பேர் விலகிப் போவினம். இந்தக் கிணத்துக்குக் குடுத்தது அவைதான் அக்கா."

"விதவை எண்டு சொன்னால்?"

"மற்ற ஆக்கள் திட்டுவினம். ஆனால் திட்டினாலும் கல்லும் சீமெந்தும் வரும்" என்றார்.

நான் போனைக் குசினி மேசையில் வைத்துவிட்டு அப்படியே இருந்தேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். அவளுடைய உண்மையைச் சொன்னால் அவளுக்குக் கிணறு இல்லை. என்னுடைய உண்மையைச் சொன்னால் யாருக்கும் கிணறு இல்லை. பொய் சொன்னால் மட்டும் தண்ணீர். என் வாழ்நாளில் ஷெல்லுக்குள் பங்கருக்குள் இருந்திருக்கிறேன். அங்கே எந்தப் பக்கத்தில் இருந்து வருகிறது என்றாவது தெரியும். இதில் அதுகூடத் தெரியவில்லை. அடுப்பில் புட்டு அடிப்பிடித்த மணம் வந்தது, எழும்ப மனம் வரவில்லை.

பிரசர் குளிசை எடுக்கப் பரந்தனுக்குப் போன நாளில் பஸ் தரிப்பிடத்தில் முன்பின் தெரியாத ஒரு மனிசி என் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு கழுத்தில் கிடந்த சங்கிலியைப் பார்த்தார். "நீங்கள்தானே அந்தக் கிணத்துச் சங்கத்து ரீச்சர்?" என்று கேட்டார். நான் இல்லை என்று சொன்னேன். எதற்காகச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அதற்குப் பிறகு வெளியில் போகிறபோது சேலைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றி இழுத்து விடத் தொடங்கினேன். வீட்டுக்கு வந்து போனைத் தூக்கி எறியலாம் என்று இருக்கும். ஆனால் அதை எறிந்தால் முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர்கள் தருகிற பால்மாவும் சேர்ந்து போய்விடும். சங்கத்தின் கழுத்தில் அந்தக் கயிறு இறுகி வெகு காலம்.

கிணற்றில் வேலை நின்றபோது ஆழம் நன்றாகப் போயிருந்தது. அடியில் தண்ணீர் கசியத் தொடங்கிவிட்டது. சுற்றிக் கல் வைத்துக் கட்டவில்லை. வெட்டின ஆட்கள் சாமானைக் கட்டிக்கொண்டு போகிறபோது, ஒரு பெருமழை பெய்தால் மண் சரியும், பிறகு மூடத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் அந்தக் குழியைச் சுற்றி முள்ளும் தடியும் நட்டாள். ஆடு விழக்கூடாது என்று பகலெல்லாம் காவல். தண்ணீர் தெரிகிறது, அள்ள முடியாது. குடத்தோடு மறுபடியும் படலைகளில் நின்றாள். இப்போது படலைகளில் தண்ணீரோடு கேள்வியும் கிடைத்தது. "உனக்குத்தான் வெளிநாட்டுக் கிணறு வந்திட்டுதே?"

கொட்டிலுக்கும் அவள் போவதை விட்டுவிட்டாள். கடைசியாகப் போன நாள் கொஞ்ச நேரத்திலேயே திரும்பி வந்துவிட்டாள். அங்கே யாரும் ஒன்றும் சொல்லவில்லையாம். அவள் வந்து இருந்தபோது பக்கத்தில் இருந்த அம்மா கொஞ்சம் தள்ளி இருந்தாராம். அவ்வளவுதான் என்றாள்.

ஒரு பின்னேரம் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. அவள் என் வீட்டுக்கு வந்தாள். கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"வீடியோவை எடுங்கோ ரீச்சர்."

"எந்த வீடியோ?"

"அவை கேட்கிற வீடியோ. நான் விதவை எண்டு சொல்லுறன்."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "உனக்கென்ன விசரோ? இத்தனை வருசமா ஒவ்வொரு அதிகாரியும் வந்து மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லேக்கை எழும்பிப் போ எண்டு சொன்னவள் நீ. இப்ப ஒரு கிணத்துக்காகச் சொல்லப் போறியோ?"

"ஓம்" என்றாள். "அவர் வந்தால் நான் அவரிட்டைச் சொல்லுறன். இப்பிடி ஒரு இக்கட்டில சொன்னனான் எண்டு. அவர் ஏச மாட்டார். ஆனால் வந்து குடிக்கத் தண்ணி கேட்டால் நான் ஆரின்ரை படலையில போய் நிக்கிறது?"

அவள் என் அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று சேலைத் தலைப்பால் பொட்டை அழித்தாள். மெதுவாக அழிக்கவில்லை. வியர்வையைத் துடைப்பதுபோல ஒரே இழுவை. மஞ்சள் கயிற்றைச் சட்டைக்குள்ளே இன்னும் ஆழமாகத் தள்ளினாள். பிறகு வந்து சுவரோடு நின்றாள். நான் போனைத் தூக்கினேன்.

"என்ரை மனிசன் செத்துப்போனார் எண்டு சொல்லினம்" என்றாள். "அந்தச் சங்கிலி பவுண் இல்லை, கவரிங்." என்னைக் காப்பாற்ற அவளாகவே சேர்த்த பொய் அது. நான் கேட்கவில்லை.

அனுப்பினேன். தம்பி உடனே பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு நின்றது, அது எனக்குக் கேட்டது. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா. 'சொல்லினம்' எண்டு மற்றவை சொன்னதாச் சொன்னால் விடமாட்டினம். தெளிவாச் சொல்லச் சொல்லுங்கோ. இது குழுவுக்குள்ளதான், வெளியிலை போகாது."

நான் அவளிடம் எப்படிச் சொல்வது என்று நின்றேன். அவளுக்கு எல்லாம் கேட்டிருந்தது. மறுபடியும் சுவரோடு போய் நின்றாள். "என்ரை மனிசன் செத்துப்போனார்" என்றாள். "நான் விதவை." நான் நிறுத்துகிற வட்டத்தை அமத்த மறந்து நின்றேன், அவளும் அசையாமல் நின்றாள், அந்த வெறும் நேரமும் வீடியோவில் இருக்கிறது. பிறகு அதே கண்ணாடிக்கு முன்னால் போய்ப் பொட்டை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். தேத்தண்ணி குடி என்று சொன்னேன், வேண்டாம் என்றுவிட்டாள்.

கல்லும் சீமெந்தும் அடுத்த கிழமையே வந்தன. ஆட்கள் மழைக்கு முந்தி ஓடி ஓடிக் கட்டினார்கள். தண்ணீர் ஊறியது. வெட்டினவர் வாயில் விட்டுப் பார்த்து, உப்புக் கலக்காத தண்ணீர், நன்னீர் என்று சொன்னார். ஊரே போய்ப் பார்த்தது. குழுவுக்குள்தான் இருக்கும் என்று சொன்ன வீடியோ எப்போது வெளியில் போனது, யார் விட்டது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தம்பி தான் இல்லை என்று சத்தியம் செய்தார், நான் அதை நம்புகிறேன். வேலியில்லாத வளவுக்குள் ஒரு ஆட்டைக் கட்டிவிட்டு அது அவிட்டுக்கொண்டு போகாது என்று நினைத்தது எங்கள் மடைத்தனம்.

முதல் தண்ணீர் அள்ளுகிறபோது நான் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். காலையில் போனேன். அவள் வாளியை இறக்கினாள். கயிறு கையில் இருக்கிறபோது கிணற்றுக்கட்டில் கிடந்த அவளுடைய போன் அடித்தது. மகள். கை ஈரம் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா." குரல் மிதிபட்டு வந்தது. பின்னால் நிறையப் பெண்களின் பேச்சு. "அம்மா, இஞ்சை லைனில வேலை செய்யிற பிள்ளையள் எல்லாம் வந்து துக்கம் விசாரிக்கினம். ஆரோ வீடியோவைக் காட்டினவை. சுப்பர்வைசர் மிஸ் லீவு எடுத்துக்கொண்டு வீட்ட போ எண்டு சொல்லுறா. அப்பா செத்தது எப்ப தெரியும்? ஏன் எனக்கு முதல் சொல்லேல்லை? எங்கையும் எலும்பு ஏதும் கண்டெடுத்தவையோ?"

அவள் கயிற்றைப் பிடித்தபடி நின்றாள். வாளி பாதிக் கிணற்றில் தொங்கியது. நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று சொல்லு, இல்லை என்று சொல்லு என்று. அவள் என்னைப் பார்க்கவில்லை, போனைத்தான் பார்த்தாள்.

"அம்மா, கேட்குதோ? இவையளும் பக்கத்தில நிக்கினம். காசு சேர்த்து வைச்சிருக்கினம், கிரியை செய்ய. எந்தத் திதி எண்டு கேட்கினம். நான் என்னெண்டு சொல்லுறது?"

இல்லை என்று அவள் சொன்னால் அந்தப் பெண்கள் எல்லாருக்கும் முன்னால் அவளுடைய பிள்ளை ஒரு பொய்க்காரியின் மகள். அன்று பின்னேரமே அதுவும் போனுக்குப் போன் ஓடும். அடுத்த கிணறுகளுக்கு நாள் குறித்தாகிவிட்டது. இதெல்லாம் எனக்குத் தெரிந்த அளவுக்கு அவளுக்கும் தெரிந்திருந்தது. நான் போனுக்குக் கை நீட்டினேன். என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியாது, ஆனால் ஏதோ சொல்ல வேண்டும் என்று இருந்தது.

"ஓம் பிள்ளை" என்றாள் அவள். "அப்பா செத்துப்போனார். திதி தெரியாது. அமாவாசைக்குச் செய்வம். லீவை எடுத்துக்கொண்டு வா."

அந்தப் பக்கத்தில் பிள்ளை அழத் தொடங்கினாள். தகப்பனின் முகம்கூட நினைவில்லாத பிள்ளை, இத்தனை வருசம் ஒருநாளும் அவருக்காக அழ விடாமல் வளர்த்த பிள்ளை, வாய்விட்டுக் கத்தினாள். கூட நின்ற பெண்களும் அழுதார்கள். அவ்வளவும் அந்தச் சின்னப் போனுக்குள்ளால் வந்து கிணற்றுக்கட்டு முழுக்கக் கேட்டது. என்னால் தாங்க முடியவில்லை. அதை நிறுத்தப் போனேன்.

அவள் ஈரக் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "விடுங்கோ ரீச்சர்" என்றாள். "பிள்ளை அழுது முடிக்கட்டும்."